மீனுக்கும் கரண்ட் வேணும்: ஒரு வீட்டு பில்லின் வரலாறு

"உந்த மீன் மோட்டரை முதல்ல நிப்பாட்டு."

கரண்ட் பில் வந்த நாளில் எங்களில் ஒருவரின் வீட்டில் அப்பா சொன்ன முதல் வசனம் இது. 2020 கொரோனா முடக்க காலத்தில் பொழுது போகாமல் வாங்கின மீன்தொட்டி. இரண்டடி நீளம், கொஞ்சம் கோல்ட்ஃபிஷ், ஒரு ஏர் மோட்டர், ஒரு பில்ரர், ஒரு லைட். அதுவரை 800 ரூபாவைத் தாண்டாத பில், தொட்டி வந்த பிறகு 1400ஐத் தாண்டியது. பிரிட்ஜை யாரும் கேள்வி கேட்கவில்லை. அயன் பொக்ஸையோ தண்ணி மோட்டரையோ றைஸ் குக்கரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ராவும் பகலும் 'குர்ர்' எண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்த அந்தச் சின்ன மோட்டர்தான் மாட்டுப்பட்டது.

நாங்கள் இதைப் பற்றி முதலில் பகிடியாகத்தான் கதைச்சம். பிறகு கணக்குப் பார்த்தம். கணக்கிலிருந்து அம்மம்மாவின் கதைகளுக்குப் போனம். கடைசியில், ஒரு வீட்டுக்குள் 24 மணித்தியாலமும் கரண்ட் வருமெண்டு நம்பி ஒரு பொருளை வாங்குவதற்கே ஒரு வரலாறு இருக்குது எண்டு விளங்கியது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு

ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் செலவாகும் மின்சாரம். சாமானின் பின்பக்கத்தில் வாட் எவ்வளவு எண்டு போட்டிருக்கும். அதை ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கி 1000ஆல் பிரித்தால் யூனிட் வரும்.

அந்தத் தொட்டியில் ஏர் மோட்டர் 4 வாட். நாள் முழுக்க ஓடினால் 30 நாளுக்கு 2.9 யூனிட். பில்ரர் 12 வாட், அதுவும் நாள் முழுக்க: 8.6 யூனிட். லைட் 10 வாட், ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்: 2.4 யூனிட். எல்லாம் சேர்த்து மாதம் 14 யூனிட்டுக்குக் கிட்ட.

இப்ப மற்றச் சாமான்களைப் பாருங்கள். 700 வாட் றைஸ் குக்கர் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் போட்டால் மாதம் 10.5 யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்று தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் 9 யூனிட். ஆக, மீன்தொட்டி ஒரு றைஸ் குக்கரை விடக் கொஞ்சம் கூட. வாட் கணக்கில் பார்த்தால் குக்கருக்குக் கிட்டவும் வராது. ஆனால் அது நிற்பதே இல்லை. பெரிய வேலையைக் கொஞ்ச நேரம் செய்யும் சாமானும், சின்ன வேலையை விடாமல் செய்யும் சாமானும் மாத முடிவில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்.

அப்படியெண்டால் 14 யூனிட்டுக்கு எப்படி 600 ரூபா ஏறியது? அங்கதான் விசயம் இருக்குது. அப்போது நடைமுறையில் இருந்த வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு முதல் 60 யூனிட் 7.85 ரூபாப்படி, 61இலிருந்து 90 வரை 10 ரூபாப்படி. 91ஆவது யூனிட்டிலிருந்து விலை 27.75. அதோடு நிலையான கட்டணமும் 90 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 480க்குப் பாயும். 90 யூனிட் பாவித்த வீட்டுக்கு 861 ரூபா. 91 யூனிட் பாவித்த வீட்டுக்கு 1278.75. அந்த ஒரேயொரு யூனிட்டின் விலை 417.75 ரூபா.

அந்த வீடு தொட்டி வருவதற்கு முன் 82 யூனிட் பாவித்தது. பில் 781 ரூபா. தொட்டியோடு 96 ஆனது. பில் 1417.50. அப்பா சொன்னது ஒரு வகையில் சரி. மீன்தான் வீட்டைக் கோட்டுக்கு அங்கால தள்ளியது. ஆனால் கடைசியாக வந்தவன் எண்டபடியால் மட்டுமே மீன் குற்றவாளியானது. அம்மா குண்டு பல்ப் ஒன்றை மாற்றியிருந்தாலே வீடு கோட்டுக்கு இங்கால நிண்டிருக்கும்.

கரண்ட் இல்லாத மீன்தொட்டி

மோட்டரை நிப்பாட்டினால் என்ன எண்டு அப்பா கேட்டதிலும் நியாயம் உண்டு. மீன்தொட்டி கரண்டுக்கு முன்னமே பிறந்தது. 1846இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண் கடலோரத்திலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் வைத்து வளர்த்தார். தண்ணீரில் காற்றுக் கலக்க வேண்டும் என்பதற்காக, திறந்த யன்னல் ஒன்றின் முன்னால் நிண்டு அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் வேலை நாளாந்தம் நடந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் அந்த வேலையைச் செய்தது அவர் வீட்டுப் பணிப்பெண். வரலாற்றில் அன்னா தைனின் பெயர் நின்றது. ஊற்றியவர் வெறும் 'பணிப்பெண்'. மோட்டர் வருவதற்கு முன் மோட்டரின் வேலையை ஏழைப் பெண் ஒருத்தியின் கைதான் செய்தது.

1850இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் வேறு வழி காட்டினார். இரண்டு கோல்ட்ஃபிஷ், தண்ணீருக்குள் வளரும் வலிஸ்னேரியாச் செடி, சில நத்தைகள். செடி ஒட்சிசனை விடும், மீன் அதைச் சுவாசிக்கும், நத்தை அழுகலைத் தின்னும். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலை மக்கள் பார்க்கவென்றே மீன்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. வீடுகளில் மீன்தொட்டி நாகரிகமானது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்தச் சமநிலை கொஞ்ச மீனுக்கும் நிறையச் செடிக்கும்தான் சரிவரும். நாங்கள் செய்வது மறுவளம். நிறைய மீன், பிளாஸ்ரிக் செடி. அந்தக் கடனை மோட்டர்தான் அடைக்குது. பில்ரரை இரவில் நிப்பாட்டிக் காசு மிச்சம் பிடிக்கவும் ஏலாது. பில்ரரின் பஞ்சுக்குள் இருக்கும் பக்ரீரியாதான் மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தீமை குறைந்த பொருளாக மாற்றுது. அதற்கும் ஒட்சிசன் உள்ள ஓடும் தண்ணீர் வேணும். பல மணித்தியாலம் ஓட்டம் நிண்டால் அது சாகத் தொடங்கும். பிறகு கரண்ட் வந்தாலும் தண்ணீர் நஞ்சாகும். லைட்டைக் குறைக்கலாம், பில்ரரில் கை வைக்கேலாது.

கப்பி எண்டால் கிணத்துக் கப்பி

இந்தக் கதையை அம்மம்மாவிடம் சொன்னபோது அவ சிரிச்சா. "எங்கட காலத்தில கப்பி எண்டால் கிணத்துக் கப்பி, பிள்ளை." எங்களுக்குக் கப்பி ஒரு மீன். அவவுக்குக் கயிறு ஓடும் சில்லு.

1990 நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சில மணித்தியாலக் கரண்ட் கட் இல்லை, ஆண்டுக்கணக்கான கட். பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது, எரிபொருளும் இருந்தது. வீடுகளில் பிரிட்ஜ் இருந்தது, ஆனால் அது உடுப்பு வைக்கிற அலுமாரியானது. பான் தூசி பிடித்துத் தொங்கியது. சுவரில் இருந்த சுவிச்சை அழுத்தினால் லைட் எரியும் என்பதைக் கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கட அக்காமாரும் அண்ணாமாரும்.

அந்தக் காலம் தந்த பொருள்தான் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், மெல்லிய ஒரு திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது, எண்ணெயும் கனக்க இழுக்காது. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை ஓ.எல்., ஏ.எல். படிச்சது. றேடியோ கேட்க வேணுமெண்டால் சைக்கிளை ஸ்ராண்டில விட்டு ஒருவர் பெடல் மிதிக்க, டைனமோவில் வரும் கரண்ட்டில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். இரவில் பீபீசி தமிழோசை கேட்க ஊரில் யார் வீட்டில் நல்ல டைனமோ இருக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். படம் பார்க்க ஆசை வந்தால் காசு சேர்த்து ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்தார்கள். எடுத்தது எடுத்தாச்சு, ஒரு நிமிசத்தையும் வீணாக்கக் கூடாது எண்டு மூன்று படம்.

லண்டனில் பணிப்பெண்ணின் கை செய்த வேலையை இங்கே எல்லாருடைய காலும் கையும் செய்தன. மின்சாரம் என்பது உடம்பால் உண்டாக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. ஒரு பாட்டுக்கு எவ்வளவு மிதிக்க வேணும் எண்டு அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அது ஒரு வகை மீற்றர்தான். மீன் அப்போதும் இருந்தது. நுளம்புப் புழுவைத் தின்னட்டும் எண்டு கிணத்துக்குள்ளும் சீமெந்துத் தொட்டிக்குள்ளும் விட்ட மீன். அதற்கு மோட்டர் தேவைப்படவில்லை.

1995 இடப்பெயர்வுக்கும் குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போனதற்கும் பிறகு, 90களின் பிற்பகுதியில் கரண்ட் படிப்படியாகத் திரும்பியது. ஆனால் நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து வந்த கரண்ட் இல்லை அது. குடாநாடு தனித்தீவு மாதிரி டீசலிலும் எண்ணெயிலும் ஓடும் இயந்திரங்களை நம்பியிருந்தது. வலையமைப்போடு மறுபடி இணைந்தது யுத்தம் முடிந்த பிறகு, 2010களின் முற்பகுதியில். வன்னியின் பெரும்பகுதி கரண்டைக் கண்டதும் 2009க்குப் பிறகுதான்.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விடேலாது. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. தண்ணீர் அள்ளினால் எண்ணெய் மணம். 2015 அளவில் அது பெரிய போராட்டமானது. அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வற்றாத ஆறு இல்லாத, கிணத்தையே பெரும்பாலும் நம்பியிருக்கும் ஒரு குடாநாட்டில் எங்கட லைட்டுக்காக எங்கட தண்ணியே விலையாகப் போனது. அந்தச் செலவு எந்த பில்லிலும் வரவில்லை.

அணைக்குப் பக்கத்தில் இருட்டு

இது வடக்கின் கதை மட்டுமெண்டு நினைத்தால் பிழை. இலங்கையின் நீர்மின்சாரம் மலையகத்தில் பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமெண்டு கட்டுரை வாசித்தார். காலனி அரசு இழுத்தடித்து, லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். 60களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலைத் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் இண்டைக்கும் வெளியில் தெரியும்.

அந்த மலைகளில் தேயிலை பறித்த மக்களின் லயன் அறைகளுக்குக் கரண்ட் உடனே போகவில்லை. தலைக்கு மேலால கொழும்புக்குக் கம்பி போகும், லயத்துக்குள் குப்பி விளக்கு எரியும். பல லயங்களுக்கு லைட் வந்தது அடுத்த தலைமுறையில்தான். ஊரைத் தண்ணிக்குள் விட்டவர்களும் கரண்டைக் கடைசியில் பெற்றவர்களும் ஒரே சனம்.

2022: கோப்பையால் காற்று

எங்கட தலைமுறைக்குக் கரண்ட் இல்லாத காலம் ஒரு கதையாகத்தான் இருந்தது, 2022 வரை. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 1996இல் வரட்சியால் தெற்கில் எட்டு மணித்தியாலம் வெட்டியதை நினைவு வைத்திருந்தவர்களுக்கே இது புதுசு.

அந்தக் கோல்ட்ஃபிஷ்கள் தண்ணீருக்கு மேல் வாயைத் திறந்து திறந்து மூடின. எங்கட நண்பர் கோப்பையால் தண்ணியை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா. 1846இல் லண்டனில் ஒரு யன்னலடியில் நடந்த அதே வேலை. அம்மம்மா ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்து வந்தா. விளக்குச் செய்ய அவவின் கைக்கு மறக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க்கும் வரிசை.

கோல்ட்ஃபிஷ் இரண்டு செத்தது. பக்கத்து வீட்டு ஃபைட்டர் மீனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த வகை மீனால் தண்ணீருக்கு மேல் வந்து வெளிக் காற்றையும் நேராகச் சுவாசிக்க ஏலும். கரண்டை நம்பாத மீன் பிழைச்சது.

பில்லில் யாருக்கு எவ்வளவு ஏறியது

அதன் பிறகு வந்தது கட்டண உயர்வு. 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 வீதம். 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 'சராசரி' என்ற சொல்லை அப்படியே விழுங்கக் கூடாது. நாங்கள் மூன்று வீடுகளை வைத்துக் கணக்குப் பார்த்தம், வரி இல்லாமல்.

மாதம் 30 யூனிட் மட்டும் பாவிக்கும் வீடு. இரண்டு மூன்று லைட், ஒரு பான், சின்ன ரீவி. 2022 ஓகஸ்ற்றுக்கு முதல் 105 ரூபா. ஓகஸ்ற்றில் 360. 2023 பெப்ரவரியில் 1300. பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

90 யூனிட் வீடு. 861 ரூபாவிலிருந்து 4430. ஐந்து மடங்கு.

200 யூனிட் வீடு. 4963 ரூபாவிலிருந்து 11,780. இரண்டரை மடங்கும் இல்லை.

ஏழை வீட்டுக் கட்டணம் முன்னர் செலவை விட மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது, அந்த இடைவெளியை யாரோ கட்ட வேண்டும் எண்ட வாதம் இருக்குது. அது பொய்யில்லை. ஆனால் 105ஐ 1300 ஆக்கியது ஆறே மாதத்தில். அதே காலத்தில் அரிசி, பருப்பு, பஸ் காசு எல்லாம் ஏறியிருந்தது. பில் கட்ட முடியாமல் இலட்சக்கணக்கான வீடுகளின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒரு காலத்தில் யுத்தம் நிப்பாட்டிய லைட்டை இந்த முறை விலை நிப்பாட்டியது. துண்டித்த வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே இருட்டுத்தான்.

2024இல் கட்டணம் குறைந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். ஏறுவதும் இறங்குவதும் இனியும் நடக்கும். ஆனால் கோடுகள் அப்படியே இருக்கின்றன. 30, 60, 90. இந்தக் கோடுகள் மீற்றரை எண்ணும், ஆட்களை எண்ணாது. அம்மம்மா, அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் எண்டு ஆறு பேர் ஒரே மீற்றரில் இருந்தால் ஒவ்வொருவரும் கொஞ்சமாகப் பாவித்தாலும் வீடு கோட்டைத் தாண்டும். தனியே இருக்கும் வசதியான ஒருவர் தாண்டமாட்டார். கூட்டுக் குடும்பமாக இருக்கிற எங்கட ஊர்களில் இதைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை. மீன்தொட்டியோடு மட்டும் சண்டை பிடிக்கிறோம்.

இப்ப அந்தத் தொட்டி

தொட்டியை அவர்கள் விற்கவில்லை. மிஞ்சின கோல்ட்ஃபிஷ்களை ஒரு பெரிய சீமெந்துத் தொட்டிக்கு மாற்றினார்கள். கண்ணாடித் தொட்டியில் இப்ப உண்மையான செடியும் கொஞ்சம் கப்பி மீனும். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணத்துத் தண்ணி கப்பிக்கு நல்லாப் பிடிக்கும். 12 வாட் பில்ரருக்குப் பதிலாகப் பஞ்சு பில்ரர் ஒன்று. அது 4 வாட் ஏர் மோட்டரிலேயே ஓடும். லைட் ஆறு மணித்தியாலம் மட்டும். மாதம் 4.7 யூனிட். வீடு 87க்குக் கிட்ட நிற்குது, கோட்டுக்கு இங்கால. நீங்களும் உங்கட வீட்டு பில்லை எடுத்து இந்தக் கணக்கை ஒருக்கா போட்டுப் பாருங்கள். எந்தக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிறீர்கள், உங்களைத் தள்ளியது எந்தச் சாமான் எண்டு தெரிந்தால் வீட்டில் சண்டை பாதி குறையும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணிக்குப் பிறகு நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டுப்பட்டதுதான் காரணம் எண்டு அமைச்சரே சொன்னார். நாடே சிரிச்சுக்கொண்டிருந்த நேரம் நாங்கள் அந்த வீட்டுக்குப் போயிருந்தம். உள்ளே தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது. அப்பா கோப்பையோடு தொட்டியடியில் நிண்டார்.

செடி இருக்குது, கப்பி தாங்கும், ஊற்றத் தேவையில்லை எண்டு சொன்னம். அவர் நிப்பாட்டவில்லை.

"எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்" எண்டார்.